கட்டற்ற மென்பொருளில் ஒரு வழு: யாரிடம், எப்படி, எவ்வளவு பொறுமையாகச் சொல்வது

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் கடையிலிருந்த இரண்டு கம்ப்யூட்டர்களையும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றி, லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் வேலை பார்க்க ஆரம்பித்தேன். ஒரு முகூர்த்த சீசனில், மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகையில் ‘ஸ்ரீ’ உடைந்து நின்றது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. மேலே குலதெய்வத்தின் பெயருக்கு முன்னால் இருந்த ஸ்ரீ அழகாகச் சேர்ந்திருக்கிறது. கீழே மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் இருந்தது மட்டும் இரண்டாகப் பிரிந்து, தலையில் புள்ளியோடு நிற்கிறது.

வழு என்றால் மென்பொருளில் உள்ள குறை, ஆங்கிலத்தில் பக். இரவு பதினொரு மணிக்கு, பயனர்கள் அவற்றைத் தெரிவிக்கும் லிப்ரெஆபிஸின் வழுப் பட்டியலில் கணக்குத் தொடங்கி, ‘தமிழ் வேலை செய்யவில்லை, அர்ஜென்ட்’ என்று தலைப்புப் போட்டு, உள்ளே நாலு வரி கோபத்தைக் கொட்டினேன். மறுநாள் மதியம் ஒருவர் பதில் போட்டிருந்தார்: எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் போட்டுப் பார்த்தீர்களா, கோப்பை இணைக்க முடியுமா? நான் எழுதிய பதிலை இங்கே முழுதாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘இது உங்கள் வேலை’ என்பதும் அதில் ஒரு வரி.

அவருக்கு அது வேலை இல்லை. பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு, மாலையில் சம்பளமில்லாமல் இந்தப் பட்டியலைப் பார்க்கிறவர். அவர் கேட்டபடி எழுத்துருவை மாற்றிப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றியதும் ஸ்ரீ சேர்ந்துவிட்டது. குற்றம் எழுத்துருவில். நான் தட்டியது தவறான கதவு, தட்டிய விதமும் தவறு. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வழுக்களை உருப்படியாகத் தெரிவித்திருக்கிறேன். முதல் தடவை செய்கிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். லிப்ரெஆபிஸை வைத்துச் சொன்னாலும் மற்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கும் பெரும்பாலும் இதே நடைமுறைதான்.

1. எதிரில் இருப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் வாங்கிய மிக்ஸிக்கு வாரண்டி அட்டை உண்டு. இங்கே கிடையாது. லிப்ரெஆபிஸ் வெளிவரும் மொசில்லா பொது உரிமம் 2.0ன் ஆறாவது பிரிவே ‘உத்தரவாதம் எதுவும் இல்லை’ என்றுதான் சொல்கிறது. லினக்ஸ் உலகில் அதிகம் புழங்கும் ஜிபிஎல் உரிமத்திலும் அதே கதைதான். ஆகவே ‘நான் உங்கள் வாடிக்கையாளர்’ என்ற தொனி இங்கே செல்லாது.

எல்லோருமே சம்பளமில்லாதவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். லிப்ரெஆபிஸின் பின்னால் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற ஜெர்மன் அறக்கட்டளை இருக்கிறது. அதற்குச் சம்பள ஊழியர் சிலர் உண்டு. கொலாபொரா போன்ற நிறுவனங்களும் ஆள் வைத்து நிரல் எழுதுகின்றன. ஆனால் நீங்கள் அனுப்பும் அறிக்கையை முதலில் திறந்து பார்ப்பவர் தன்னார்வலராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர் நிரலாளராகக்கூட இருக்க மாட்டார். உங்களையும் என்னையும் போல ஒரு பயனர்தான். வழுவைத் தன் கணினியில் செய்து பார்த்து ‘ஆமாம், எனக்கும் வருகிறது’ என்று உறுதிசெய்கிற வேலையைத் தானாக எடுத்துக்கொண்டவர்.

செலவு: அறிக்கை அனுப்புவது இலவசம். உங்கள் நேரத்தில் முதல் தடவை இரண்டு மணி நேரம் போகும், பழகிவிட்டால் அரை மணி.

2. எந்தக் கதவு என்று பாருங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரையில் ஒரு தமிழ் எழுத்துத் தெரிவதற்குள் பல பேர் கை வைத்திருக்கிறார்கள். விசைப்பலகை மென்பொருள் எழுத்தை அனுப்புகிறது. லிப்ரெஆபிஸ் அதை வாங்கி ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பிடம் கொடுக்கிறது. எந்த எழுத்தோடு எது சேர வேண்டும், கொம்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை ஹார்ஃப்பஸ் எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளைப் படித்து முடிவு செய்கிறது. அப்புறம்தான் எழுத்துருவின் வடிவம் திரைக்கு வருகிறது. லிப்ரெஆபிஸ் 2017ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸைத்தான் நம்பியிருக்கிறது. ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அதே ஹார்ஃப்பஸ்தான்.

ஒவ்வொன்றுக்கும் தனி வீடு, தனி ஆட்கள், தனி வழுப் பட்டியல். ஒருவர் வீட்டுக் குற்றத்தை இன்னொருவர் வாசலில் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? அங்கே இருப்பவர் ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்து, ‘எங்களுடையது இல்லை’ என்று கண்டுபிடிப்பார்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. முதலில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், இப்படி இரண்டு மூன்றில் போட்டுப் பார்த்தால் போதும். ஒரே ஒரு எழுத்துருவில் மட்டும் உடைந்தால் அந்த எழுத்துருவை உருவாக்கியவரிடம் போக வேண்டும். எல்லா எழுத்துருவிலும் உடைந்தால் அதே வரியை உபுண்டுவின் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்து லிப்ரெஆபிஸில் மட்டும் உடைகிறது என்றால் லிப்ரெஆபிஸ் கதவு. இரண்டிலும் உடைந்தால் ஹார்ஃப்பஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கும். அந்த முடிவை நீங்களே எடுக்காமல் லிப்ரெஆபிஸ் பட்டியலில் ‘இங்கேயும் இப்படித்தான், அங்கேயும் இப்படித்தான்’ என்று எழுதிவிட்டால் அவர்கள் வழிகாட்டுவார்கள்.

என் ஸ்ரீயின் கதை இதோ. எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் ஸ்ரீயை இரண்டு விதமாக எழுதலாம். ஸ, புள்ளி, ரீ என்று எழுதுவது ஒன்று. ஶ என்ற எழுத்தை 2005ல் யூனிகோடில் சேர்த்த பிறகு ஶ, புள்ளி, ரீ என்று எழுதுவது இன்னொன்று. ஸ்ரீ, ஶ்ரீ: இதைப் படிக்கும் உங்கள் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. குலதெய்வத்தின் ஸ்ரீயை நான் கடையில் தட்டினேன். தாத்தாவின் ஶ்ரீ, பெண் வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டியது. நான் போட்டிருந்த அலங்கார எழுத்துருவில் முதல் வகைக்கு மட்டுமே சேர்ப்பு விதி இருந்தது. ஒரே பக்கத்தில் ஒன்று சேர்ந்து ஒன்று பிரிந்ததன் ரகசியம் இவ்வளவுதான். (ஒரு கோப்பில் ஸ்ரீயைத் தேடும்போது பாதி அகப்படாமல் போவதற்கும் இதே காரணம்தான். அதையும் வழு என்று அனுப்பிவிடாதீர்கள்.)

இன்னும் இரண்டு சோதனை. லிப்ரெஆபிஸின் ஹெல்ப் மெனுவில் ‘ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்’ என்று இருக்கும். அதில் திறந்தால் உங்கள் சொந்த அமைப்புகளும் நீட்சிகளும் விலகி நிற்கும். அப்போது வழு மறைந்துவிட்டால் சிக்கல் உங்கள் அமைப்பில்தான். அடுத்து, புதிய பதிப்பில் பாருங்கள். உபுண்டு 24.04ல் வருவது லிப்ரெஆபிஸ் 24.2 வரிசை, அதாவது 2024 ஜனவரிக் கடைசியில் வெளிவந்தது. அதில் நீங்கள் காணும் வழு எப்போதோ சரியாகியிருக்கலாம். ‘புதியதில் பார்த்தீர்களா’ என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. நிறுவாமலே ஓட்டிப் பார்க்க ஆப்இமேஜ் கோப்பு லிப்ரெஆபிஸ் தளத்திலேயே கிடைக்கும். சில நூறு எம்பி டேட்டா போகும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கியதைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லையா? உபுண்டு 22.04லிருந்து லிப்ஃபியூஸ்2 என்ற பொதி (பேக்கேஜ்) தானாக வருவதில்லை. ஆப்இமேஜ்கள் பலவற்றுக்கு அது வேண்டும், தனியாக நிறுவிக்கொள்ளுங்கள். 24.04ல் அந்தப் பொதியின் பெயரோடு டி64 என்று ஒரு வால் சேர்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் போயிற்று.

3. ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா?

வழுப் பட்டியலில் தேடுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுத் தேட வேண்டும். தமிழ் என்று தேடி அகப்படாவிட்டால் இந்திக், தேவநாகரி, மலையாளம் என்றும் தேடிப் பாருங்கள். நம் சிக்கலை மலையாளத்துக்காரர் ஒருவர் முன்பே சொல்லியிருப்பது சகஜம்.

அகப்பட்டால் அங்கே போய் ‘எனக்கும்தான்’ என்று ஒரு வரி எழுதாதீர்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த வழுவைத் தொடரும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சலாகப் போகிறது. முப்பது பேர் ‘எனக்கும்தான்’ என்றால் ஒவ்வொருவர் பெட்டியிலும் முப்பது மின்னஞ்சல். லிப்ரெஆபிஸின் வழுப் பட்டியல் ஓடும் பக்ஸில்லாவில் உங்களை சிசி பட்டியலில் சேர்த்துக்கொண்டால் போதும். வேறு பல திட்டங்கள் இருக்கும் கிட்ஹப் தளத்தில் கட்டைவிரல் குறியை அழுத்தினால் போதும். புதிய தகவல் இருந்தால் மட்டும் எழுதுங்கள்: ‘25.2 பதிப்பிலும் வருகிறது, விண்டோஸில் வரவில்லை’ என்பது தகவல்.

4. ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

தாலுகா ஆபீஸுக்குப் போகிற மாதிரிதான். ஒரு தாள் விட்டுப்போனாலும் திரும்ப அலைய வேண்டும், இங்கே அலைச்சல் இரண்டு பக்கத்துக்கும்.

பதிப்பு விவரம்: ஹெல்ப் மெனுவில் ‘அபௌட் லிப்ரெஆபிஸ்’ திறந்தால் பதிப்பு எண், இயங்குதளம் எல்லாம் ஒரு கட்டமாக இருக்கும். பக்கத்திலேயே நகலெடுக்கும் பொத்தான் உண்டு. அழுத்தி அப்படியே ஒட்டிவிடுங்கள். ‘லேட்டஸ்ட் வெர்ஷன்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. எல்லோருக்கும் தன்னுடையது லேட்டஸ்ட்தான். எந்த வழியில் நிறுவினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: டெப், ஸ்னாப், ஃபிளாட்பேக், எதுவானாலும்.

எழுத்துருவின் பெயர், எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது. விசைப்பலகை தமிழ்99ஆ, ஒலியியலா என்பது. பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது கோணல்மாணலாகத் தெரிவது இயல்பு, வழுவே இல்லை.

மாதிரிக் கோப்பு: இதுதான் உயிர். வழு வருகிற மிகச் சிறிய கோப்பாக இருக்க வேண்டும். என் பத்திரிகை நான்கு பக்கம், பார்டர், பிள்ளையார் படம், எல்லாம் சேர்த்துப் பதினெட்டு எம்பி. அதை அப்படியே அனுப்பினால் திறந்து தேடுவது அவர் தலையில் விழும். ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தேன், கடைசியில் இரண்டு சொல் மட்டும் மிஞ்சியது. இப்படி நீக்குகிறபோதே பாதி வழுக்களின் காரணம் நமக்கே புரிந்துவிடும்.

படம்: திரையை போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி, அங்கிருந்து இறக்கி இணைக்கும் பழக்கத்தை விடுங்கள். பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தான் இருக்கிறது. பிழைச்செய்தி எழுத்தில் வந்தால் படமே வேண்டாம், எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது.

பொறி: இணைக்கும் கோப்பு உலகத்துக்கே பொதுவில் போகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம், அனுப்பிய பிறகு நீங்களாக நீக்கவும் முடியாது, நிர்வாகியிடம் கெஞ்ச வேண்டும். நான் அனுப்பத் தயாராக வைத்திருந்த பத்திரிகையில் பெண் வீட்டு முகவரி, இரண்டு செல் நம்பர், எல்லாம் இருந்தன. ‘அனுப்பு’ பொத்தானுக்கு மேல் விரலை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆதார் எண் உள்ள விண்ணப்பம், மாணவர் மதிப்பெண் பட்டியல், பத்திர நகல், இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் இணைக்காதீர்கள். பெயரையெல்லாம் அ, ஆ என்று மாற்றுங்கள். கோப்பின் பிராப்பர்ட்டீஸில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் ‘ரிப்போர்ட்பக்’ என்ற கருவி வழியாக வழு அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அங்கே உங்கள் மின்னஞ்சல் முகவரியே பொதுவில் தெரியும். இதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகித்தால் இந்தப் பொதுப் பட்டியல் பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு திட்டமும் அதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்திருக்கும்.

5. எழுதுங்கள்

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். மறுமுனையில் இருப்பவருக்கும் பெரும்பாலும் அது தாய்மொழி இல்லை, சின்ன வாக்கியம்தான் அவருக்கும் வசதி. தமிழில் எழுதி இயந்திரத்தில் மொழிபெயர்த்தாலும் தவறில்லை; கீழே ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள்.

நம் ஊர் ஆபீஸ் ஆங்கிலத்தைத்தான் கழற்றி வைக்க வேண்டும். ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். படிப்பவர் சாரா மேடமா என்பதே நமக்குத் தெரியாது. பெயர் சொல்லி அழைப்பது அங்கே மரியாதைக் குறைவாகாது, எனக்கு அது பழகவே நாளாயிற்று. ‘கைண்ட்லி டு தி நீட்ஃபுல்’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் புரியாது. எல்லாவற்றையும்விட வேடிக்கை ‘ப்ளீஸ் ரிவர்ட்’. நாம் பதில் போடுங்கள் என்று கேட்கிறோம். நிரலாளர் அகராதியில் ரிவர்ட் என்றால் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடு என்று பொருள். ஒருவர் கஷ்டப்பட்டு ஒரு வழுவைச் சரிசெய்திருக்கிறார், அதற்குக் கீழே நான் போய் ‘ப்ளீஸ் ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்’ என்று எழுதியிருக்கிறேன். அவர் பதறிப்போய், ‘ஏன், எதையாவது கெடுத்துவிட்டேனா?’ என்று கேட்டார்.

மாதிரிக்கு ஒன்று இட்டுக்கட்டித் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுதான்.

தலைப்பு: ரைட்டர்: பிடிஎஃப் ஆக்கும்போது இரண்டாம் பக்கத்தில் அட்டவணையின் தலைப்பு வரி வருவதில்லை

செய்த படிகள்: (அ) இணைத்துள்ள கோப்பைத் திறந்தேன். (ஆ) ஃபைல் மெனுவில் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தேன். (இ) வந்த பிடிஎஃப்பின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன்.

எதிர்பார்த்தது: இரண்டாம் பக்கத்திலும் தலைப்பு வரி இருக்க வேண்டும்.

நடந்தது: தலைப்பு வரி இல்லை. திரையில் இருக்கிறது, பிடிஎஃப்பில் மட்டும் இல்லை.

எப்போதும் வருகிறதா: ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் வந்தது. சேஃப் மோடிலும் வருகிறது. முந்தைய பதிப்பில் வரவில்லை.

அந்தக் கடைசி வாக்கியம் தங்கம். முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டது என்று தெரிந்தால், இடையில் நடந்த மாற்றங்களில் எது காரணம் என்று அவர்களால் பாதி பாதியாகப் பிரித்துத் தேடிப் பிடித்துவிட முடியும்.

காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள், கண்டதை மட்டும் எழுதுங்கள். ஓர் அறிக்கைக்கு ஒரு வழு. ‘அப்புறம் இன்னொன்று’ என்று தோன்றினால் அது இன்னோர் அறிக்கை. முக்கியத்துவம் என்ற கட்டத்தில் உச்சத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாளைக்கு முகூர்த்தம் என்பது உங்களுக்கும் எனக்கும் அவசரம். கோப்பே அழிந்துபோகிற வழுவில் சிக்கியவர் அதே வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதி வாங்கி ஒட்டுவது இப்போது புது வியாதி. இணையத்தில் தரவு அனுப்பவும் இறக்கவும் உதவும் கர்ல் மென்பொருளை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், இப்படி வரும் போலி அறிக்கைகள் தங்கள் நேரத்தை எப்படித் தின்கின்றன என்று 2024 முதல் வெளிப்படையாகவே சொல்லி வருகிறார். பார்க்க ஒழுங்காக இருக்கும், படித்தால் அப்படியொரு வழுவே இருக்காது. மொழியைத் திருத்திக்கொள்ளப் பயன்படுத்துங்கள், வழுவைக் கண்டுபிடிக்க அல்ல.

6. காத்திருங்கள்

லிப்ரெஆபிஸில் உங்கள் அறிக்கை முதலில் ‘அன்கன்ஃபர்ம்டு’ நிலையில் கிடக்கும். அதே வழுவை வேறொருவர் தன் கணினியில் கண்டால் ‘நியூ’ ஆகும். புதியவர்கள் இங்கே ஏமாறுவார்கள்: ‘நியூ’ என்றால் வழு உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான். யாரும் கையில் எடுத்துவிட்டதாகப் பொருள் இல்லை. எடுத்தால் ‘அசைன்டு’ என்று மாறும். அதற்கு இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம்.

‘நீட்இன்ஃபோ’ என்று வந்தால் பந்து உங்கள் பக்கம். கேட்டதைக் கொடுத்துவிட்டு, நிலையை மறுபடி ‘அன்கன்ஃபர்ம்டு’ ஆக்க வேண்டும். பலர் தகவலைக் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். பதில் இல்லாமல் ஆறு மாதம் கிடந்தால் தானியங்கி நினைவூட்டல் ஒன்று வரும், அதற்கும் அசையாவிட்டால் மேலும் ஒரு மாதத்தில் மூடிவிடுவார்கள். அறிக்கை அனுப்பிய மின்னஞ்சல் பெட்டியை வாரம் ஒரு தடவையாவது திறந்து பாருங்கள், ஸ்பேம் பக்கத்தையும்.

ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். ஆகஸ்டில் ஐரோப்பாவில் பாதிப் பேர் விடுமுறை. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை யாரையும் எதிர்பார்க்காதீர்கள். நான் வைத்திருக்கும் கணக்கு: சின்னத் திட்டம் என்றால் மூன்று வாரம் பொறுத்து ஒரே ஒரு தடவை கேட்பேன், அதுவும் ஏதாவது புதுத் தகவலோடு. நிரலாளரின் ஃபேஸ்புக்கைத் தேடிப் பிடித்துக் கேட்பது, தனி மின்னஞ்சல் அனுப்புவது, இதெல்லாம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவதற்குச் சமம்.

நச்சரிப்பு ஏன் இப்போது இன்னும் கெட்ட பெயர் வாங்குகிறது என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. லினக்ஸில் எங்கும் இருக்கிற எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளை லாசி காலின் என்பவர் ஏறக்குறைய தனி ஆளாகப் பார்த்து வந்தார். 2022ல் முன்பின் தெரியாத சில பெயர்கள் முளைத்து, ‘ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று நெருக்கின. தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. கடைசியில் உதவிக்கு வந்த ஜியா டான் என்ற பெயருக்குப் பொறுப்பில் பங்கு கிடைத்தது. அந்தப் பெயர்தான் மென்பொருளுக்குள் கள்ளக்கதவு வைத்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழி அரை நொடி தாமதமாகிறதே என்று துருவிப்போய் அதைக் கண்டுபிடித்து 2024 மார்ச் 29ல் அறிவித்தார். நெருக்கிய அந்தப் பெயர்கள் எல்லாம் அந்தச் சதியின் பங்காளிகளாகவே இருக்கலாம் என்பது பலரின் சந்தேகம். அதனால் ‘ஏன் இவ்வளவு லேட்’ என்று முகம் தெரியாத ஒருவர் எழுதினால் இப்போது சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். வரி எழுதுமுன் ஒரு தடவை யோசியுங்கள்.

7. ‘வேண்டாம்’ என்றால்

‘டூப்ளிகேட்’ என்று மூடினால் நல்ல செய்தி, முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறார். ‘ஒர்க்ஸ்ஃபார்மீ’ என்றால் அவர்களிடம் அந்த வழு வரவில்லை. உங்களிடம் இன்னும் வந்தால் புதிய பதிப்பில் எடுத்த ஆதாரத்தோடு மறுபடி திறக்கலாம். ‘நாட்எபக்’, ‘வோன்ட்ஃபிக்ஸ்’ என்றால் ஒரே ஒரு தடவை உங்கள் தரப்பைச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு, எந்த வேலையில் இடைஞ்சல் என்று சொன்னால் போதும். தமிழ் தெரியாத ஒருவருக்கு ஒரு புள்ளி இடம் மாறினால் சொல்லே மாறிவிடும் என்பது தெரியாது. மூன்று வரியில் விளக்கினால் மனம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மாறாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

அவர்கள் பக்கமும் சில சமயம் எரிச்சல் தெறிக்கும். ‘ஆவணத்தைப் படி’ என்று முகத்தில் அடித்தாற்போல ஒரு வரி வரும். அது பெரும்பாலும் அன்றைக்கு இருபதாவது அறிக்கையாக இருக்கும், பதிலுக்குப் பதில் வேண்டாம். உண்மையாகவே இழிவாகப் பேசினால் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரிய திட்டங்களுக்கு நடத்தை விதிகள் உண்டு, புகார் செய்ய முகவரியும் உண்டு.

8. பணம்

‘ஐந்நூறு ரூபாய் தருகிறேன், இதை மட்டும் சரிசெய்யுங்கள்’ என்று வழுவுக்குக் கீழே எழுதாதீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்னாலும் ஒருவரின் ஓய்வு நேரத்துக்குக் கூலி பேசுவதுபோல ஆகிவிடும். டாக்குமென்ட் ஃபவுண்டேஷனுக்கு நன்கொடை தரலாம், ஆனால் அது எந்த வழுவையும் வரிசையில் முன்னால் நகர்த்தாது. காசு கொடுத்தே செய்துகொள்ள வேண்டுமென்றால் சான்று பெற்ற நிரலாளர்களும் நிறுவனங்களும் இருக்கிறார்கள். ஒரு கல்லூரிக்கோ பதிப்பகத்துக்கோ கட்டுப்படியாகும், என் கடைக்குக் கட்டாது.

நம் ஊர் டெபிட் கார்டில் நன்கொடை அனுப்ப முதலில் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும், 2020க்குப் பிறகு வந்த கார்டுகளில் அது மூடியே வரும். அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் தனி. அனுப்பி முடித்ததும் திரும்ப மூடிவிடுங்கள்.

9. சரியாகிவிட்டது என்றால்

‘ஃபிக்ஸ்டு’ என்று வந்த அன்றே உங்கள் கணினியில் சரியாகிவிடாது. லிப்ரெஆபிஸுக்குப் பெரிய வெளியீடு வருடத்துக்கு இரண்டு, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். எந்தப் பதிப்பில் வரும் என்று வழுவிலேயே குறித்திருப்பார்கள். அது உங்கள் உபுண்டுவுக்கு வந்து சேர்வது வேறு கணக்கு. நீண்டகால ஆதரவுப் பதிப்பில் இருப்பவர்கள் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கும். அதுவரைக்கும் மாற்று வழி வேண்டும். கடையில் நான் இப்போது வாட்ஸ்அப்பில் வந்ததை ஒட்டியவுடன் ஶ்ரீயைத் தேடி ஸ்ரீயாக மாற்றிவிடுகிறேன், பத்து வினாடி வேலை.

முடிந்தால் அன்றாடச் சோதனைப் பதிப்பை இறக்கி, வழு போய்விட்டதா என்று பார்த்து ஒரு வரி எழுதுங்கள். நன்றிக்கு அந்த ஒரு வரியே போதும்.

என் ஸ்ரீ விஷயத்தை எழுத்துருவின் கதவுக்குக் கொண்டுபோனேன், இந்த முறை இரண்டு சொல் கோப்போடு. பதினொரு வாரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘சேர்த்துவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்’ என்று வந்தது. புதிய எழுத்துருவை நிறுவிப் பார்த்தால் பழையபடி உடைந்தே நிற்கிறது. ‘சரியாகவில்லை’ என்று பாதி தட்டிவிட்டேன். ஏதோ தோன்றி, டெர்மினலில், நிறுவியுள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். அதே எழுத்துரு இரண்டு இடத்தில் இருந்தது. நான் எப்போதோ ஹோம் அடைவில் போட்டுவிட்டு மறந்த பழைய பிரதியைத்தான் லிப்ரெஆபிஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அதை நீக்கி, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் ஓட்டி, லிப்ரெஆபிஸை மூடித் திறந்தேன். தாத்தாவின் ஶ்ரீ சேர்ந்துவிட்டது. தட்டியிருந்த பாதி வரியை அழித்துவிட்டு, ‘இரண்டும் சேர்கின்றன, நன்றி’ என்று அனுப்பினேன்.